ஜெகதீசன் ஏமாத்தி வித்த வண்டி

வாங்க தம்பி. பல்லடத்துல எறங்கி ஆட்டோ புடிச்சீங்களா? சொல்லியிருந்தா ஆள் அனுப்பியிருப்பேனுங்க. இன்னைக்கு ஊட்ல ஒருத்தரும் இல்லை, காப்பி வேணும்னாலும் நான்தான் போட்டுத் தரோணும். வண்டி தீவன செட்டுக்குள்ள நிக்குது. மேல நாட்டுக்கோழி ஒண்ணு உக்காந்திருக்கும். அதத் தொரத்த வேண்டாம், அதுபாட்டுக்கு எறங்கிரும்.

நான்தாங்க நாச்சிமுத்து. விளம்பரத்துல இருந்த பேரு எம் மச்சானோடது. ‘உடுமலை ஜெகதீசன் ஏமாத்தி வித்த வண்டி, விற்பனைக்கு.’ ஆமாங்க, நானே எழுதுனதுதான். பையனத்தான் எழுதித்தரச் சொன்னேன், மாட்டேன்னு எந்திரிச்சுப் போயிட்டான். அப்பறம் நானே ஒவ்வொரு எழுத்தாத் தேடித்தேடி அமுக்கி எழுதினேன். எழுதி, செல்போன்ல வண்டி விக்கிற எடத்துல மட்டும் போட்டனா? எங்க ஒறம்பறை, சொந்தபந்தம் அத்தனை பேரு செல்போனுக்கும் அனுப்பிவெச்சேன். மச்சான் இருக்கற மில்லுல வேலை பாக்கறவங்களுக்கும் அனுப்பச் சொல்லி ஒருத்தன்கிட்டச் சொல்லியிருக்கறேன். நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. அதப் படிச்சுப்போட்டும் வண்டி பாக்க வந்த ஒரே ஆளு நீங்கதான்.

வெலையெல்லாம் நீங்க சொல்றதுதானுங்க. எனக்கு நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிரோணும். அதும் முகூர்த்தம் முடியறதுக்குள்ள. என்ன முகூர்த்தமா? சொல்றேன், சொல்றேன். நீங்க மொதல்ல வண்டியப் பாருங்க. அந்தப் பைக்குள்ள என்ன, வண்டியில சொருகிக் கோளாறு பாக்கற மிசினா? சொருகுங்க. என்னென்ன கோளாறு இருக்குதோ அத்தனையும் எழுதிக்கோங்க. நான் எதையும் மறைக்கற ஆளில்லை. மறைச்சு விக்கறதெல்லாம் உடுமலைக்காரங்களுக்குத்தான் வரும்.

ஜெகதீசன்ங்கறவன் எந் தங்கச்சி ஊட்டுக்காரனுங்க. தங்கச்சி பேரு கலாமணி. அவனுக்கு மில்லுல இஞ்சினியர் வேலை. வேகமாப் போற பழைய வண்டியா வாங்கி, செட்டுல நிறுத்தி, அதக் கழட்டி இதக் கழட்டி, ஞாயித்துக்கெழமையானா மலையடிவாரத்துப் பக்கம் ஓட்டிட்டு வருவான். அந்தக் கிறுக்குல வாங்குனதுதான் இது. ஜெர்மன் வண்டி. ரெண்டே கதவு. டர்போ. மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்கும்.

எனக்கு எதுக்கு இந்த வண்டின்னு கேக்கறீங்க. எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. ஏனுங்க, கோழிப்பண்ணை வெச்சிருக்கறவனுக்கு ஆசை இருக்கக் கூடாதுங்களா? எந்த விசேசத்துக்குப் போனாலும் நான் கோழி ஏத்தற வண்டியிலதான் போவேன். வேற வண்டி வாங்கத் தோணல, அவ்வளவுதான். நான் போய் எறங்குனா ஜெகதீசன் வாசல்லயே நின்னுட்டு, “கோழிக்கார மச்சான் வந்துட்டாரு, எல வெட்டுங்க”ம்பான். என்னைய விருந்துக்குக் கோழி கொண்டாந்த ஆளாக்கி, சிரிச்சுட்டுத்தான் சொல்லுவான். நானும் சிரிச்சுக்குவேன். உள்ளுக்குள்ள இருந்துச்சுங்க. எத்தனை வருசமா உள்ளயே கெடந்துச்சு.

ஒரு நாள் அவனே சொன்னான், கழுத்து வலி, தாழ்வா உக்காந்து ஓட்ட முடியல, இத விக்கப் போறேன்னு. வெளிய எதுக்குக் குடுக்கறே, எனக்குக் குடுன்னு கேட்டேன். “மச்சான், இது கொஞ்சம் பாத்துப் பதனமா வெச்சுக்கற வண்டி, உங்களுக்கு ஒத்துவருமா”ன்னான். பாருங்க தம்பி. கோழிக்காரனுக்கு ஒத்துவருமான்னு கேக்கறான். அப்பவே முடிவு பண்ணிட்டேன், வாங்குனா இதுதான்னு.

கண்ண மூடிட்டு வாங்குனேன்னு நெனைக்காதீங்க. நீங்க இப்பப் பாக்கறீங்களே, இதவிட எச்சாப் பாத்தேன். காலைல போனவன் பொழுது சாயற வரைக்கும் அவன் செட்டுலயே கெடந்தேன். ஆயில் மூடியத் தொறந்து, ஓட விட்டு, மேல கைய வெச்சுப் பாத்தேன், பொகை தள்ளுதான்னு. தள்ளல. சைலன்சர் வாயில என் வேட்டி நுனிய வெச்சேன், கரி புடிக்குதான்னு. புடிக்கல. கீழ படுத்து ஒழுகுதான்னு பாத்தேன். கதவு, டிக்கி, தகரம் பூராத்தையும் வெரல்ல தட்டித்தட்டிப் பாத்தேன், எங்கயாச்சும் இடிச்சு ஒட்டுப் போட்டிருக்கானான்னு. டயர்ல என்ன வருசம்னு பாத்தேன். நாலு வழி ரோட்டுல கொண்டுபோய் அமுக்கி ஓட்டி, சூட்டோட சூடா நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணுனேன். டக்குனு எடுத்துச்சு. தங்கச்சி காப்பி கொண்டாந்து கொண்டாந்து வெச்சா, ஆறி ஆறிப் போச்சு. “அண்ணா, அவரு உன்னை ஏமாத்தவா போறாரு”ன்னா. அவன் சுவத்துல சாஞ்சு நின்னு சிரிச்சுட்டே இருந்தான். அப்பறம் இந்த ஆயில்தான் ஊத்தோணும், இந்தப் பெட்ரோல்தான் போடோணும், அதச் செய்யக் கூடாது, இதச் செய்யக் கூடாதுன்னு வரிசையாச் சொல்லிட்டே போனான். நான் காதுல வாங்கல. இருபது வருசமா கோழி வண்டி ஓட்டறேன். எனக்கு வந்து வண்டி பாத்துக்கற வெதத்த இவன் சொல்லித் தர்றான்.

வாங்குன அன்னைக்கு, நேரா நமக்குத் தெரிஞ்ச ஆளு வாட்டர் சர்வீஸ் ஸ்டேசனுக்குத்தான் உட்டேன். அங்க எனக்கு ரொம்ப மரியாதைங்க. பானட்டத் தொறந்து, டீசல் அடிச்சு ஊற வெச்சு, பம்பு வெச்சு உள்ளாற சந்து பொந்து பூரா அடிக்கச் சொன்னேன். நான் பக்கத்துல நின்னு, அங்க அடி, இங்க அடின்னு காட்டுனேன். உள்ள அப்படியே சாமான் தேச்ச மாதிரி ஆயிருச்சு. அப்பறம் கருப்பராயன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டேன். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். எந்தக் கொறையும் வெக்கல.

கோயில்ல இருந்து திரும்பறப்பவே ஆரம்பிச்சுருச்சு. கடகடன்னு உதறுது. மஞ்ச லைட்டு எரியுது. மிதிச்சா நகர மாட்டேங்குது. ஊடு வந்து சேர்றதுக்குள்ள உசுரு போயி உசுரு வந்துச்சு. ரெண்டு மூணு நாளு நிறுத்தி வெச்சுட்டு எடுத்தா, ஒண்ணுமே இல்லை, நல்லா ஓடுது. சரி, புது எடம், பழகோணும் போலன்னு உட்டுட்டேன். அடுத்து பங்காளி ஊட்டுக் கெடா வெட்டு. மொத நாளு நல்லாக் கழுவித் தொடைச்சு எடுத்துட்டுப் போனேன். மறுபடி அதே கதை. அதுக்கடுத்து வங்கிக்காரரு வர்றாருன்னு கழுவி நிறுத்துனேன். அவரு முன்னாடி ஸ்டார்ட்டே ஆகல. சும்மா கெடக்கறப்ப நல்லாத்தான் ஓடுதுங்க. நாலு பேரு பாக்கறாங்கன்னா படுத்துக்குது. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இது வண்டிக் கோளாறு இல்லை. இது ஆள் கோளாறு. ஏதோ பண்ணித்தான் குடுத்திருக்கறான். என்ன பண்ணுனான்னுதான் இன்னும் புடிபடல.

இந்தப் போனு வேற. இருங்க, கட் பண்ணிட்டு வர்றேன். தங்கச்சிதான். காலைல இருந்து அடிச்சுட்டே இருக்கறா. அடிக்கட்டும்.

எங்க உட்டேன்? ஆமா, நிச்சயதார்த்தம். தங்கச்சி மக தாரணிக்கு. அவ பொறந்தப்ப மொதல்ல கையில வாங்குனது நானுங்க. தாய்மாமன். காதுகுத்துக்கு எம் மடியிலதான் உக்காந்தா. சீருக்கு, பட்டுப்பொடவைக்கு, எதுக்கும் நான் முன்னாடி நின்னிருக்கறேன். அந்த நிச்சயத்துக்கு இந்த வண்டியிலதான் போகோணும்னு இருந்தேன். ஜெகதீசன் வாசல்ல நிப்பானே, எல வெட்டச் சொல்லுவானே, இன்னைக்கு என்ன சொல்றான்னு பாப்போம்னு. மொத நாள் சாயங்காலம் ரெண்டு தடவ சர்வீஸ் பண்ணுனேன். பானட்டுக்குள்ள பம்பு வெச்சு அடிச்சா தகரத்துலயெல்லாம் மூஞ்சி பாக்கலாம். காலைல மல்லிகைப்பூ மாலை போட்டு, நான், சம்சாரம், பையன், மூணு பேரும் கெளம்புனோம்.

குடிமங்கலம் தாண்டல. நின்னுருச்சு.

மொதல்ல உதறுச்சு, அப்பறம் இருமுச்சு, அப்பறம் படுத்துருச்சு. சைக்கிள்ல போறவன் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போறான். பண்ணைக்குப் போன் பண்ணி, கோழி வண்டிய வரச் சொல்லி, கயிறு கட்டி இழுக்க உட்டேன். எப்படிப் போனோம்னு நெனைச்சுப் பாருங்க. முன்னாடி கோழி வண்டி, பின்னாடி நான். றெக்கையெல்லாம் பறந்து வந்து பூமாலை மேல உழுது. மண்டபத்து வாசல்ல மாப்ள ஊட்டுக்காரங்க மொத்தமும் நிக்கறாங்க. அப்படித்தான் போய் நின்னேன்.

ஜெகதீசன் ஓடி வந்தான். வந்தவன், வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னானா? நேரா பானட்டத் தொறந்தான். உள்ள பாத்தான். அப்பறம் நிமிந்து என்னையப் பாத்து, அத்தனை சனம் நிக்கறப்ப, சத்தமாக் கேக்கறான் தம்பி.

“மச்சான், தண்ணி அடிச்சீங்களா?”

எவனோ பின்னாடி சிரிச்சான். இல்லைன்னேன். நான் எதுக்கு அடிக்கறேன்னேன். உடறானா? “பொய் சொல்லாதீங்க மச்சான், பாத்தாலே தெரியுது. கொஞ்சமா அடிச்சாலும் இதுக்கு ஆகாது”ன்னான். சிரிச்சுட்டே சொன்னான். மாப்ளையோட அப்பா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

உங்களுக்கு இது என்ன பெரிய வார்த்தைன்னு தோணும். எங்கப்பன் குடிச்சே போனவருங்க. தோட்டம் போச்சு, கெணறு போச்சு, கடைசில ரோட்டுல உழுந்து கெடந்து செத்தாரு. அப்பக் கலாமணி பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. குடிகாரன் மகள எவன் கட்டுவான்னு ஊரே பேசுச்சு. நான்தான் வளத்தேன். ஜெகதீசன் ஊட்ல இருந்து பொண்ணு கேட்டு வந்தப்ப, அவங்கப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி. பொண்ணோட அண்ணனுக்கு அந்தப் பழக்கம் உண்டா? நான் சூடத்தக் கையில அணைச்சு சத்தியம் பண்ணுனேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு இந்த வாயில பட்டதில்லை. இது அவனுக்குத் தெரியும். நல்லாத் தெரியும். தெரிஞ்சவன்தான் எம் மருமக நிச்சயத்துல, சம்பந்திக முன்னாடி, என்னையக் குடிகாரன்னு சொன்னான். எங்கப்பன நடுவீதிக்கு இழுத்துட்டு வந்தான்.

இழுத்துட்டு வந்த வண்டியில பையன உக்கார வெச்சுட்டு, கோழி வண்டியில ஏறுனேன், திருப்புன்னேன். கலாமணி வாசல் வரைக்கும் ஓடி வந்தா. நிக்கல.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன் தம்பி. என்னைய எந்த எடத்துல அடிச்சானோ, அதே எடத்துல திருப்பி அடிக்கோணும். எங்க பக்கம் கல்யாணத்துல தாய்மாமன்தான் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணும். அது முறை. கட்டுனதுக்கு அப்பறந்தான் தாலி. நான் போகலைன்னா? அத்தனை சனமும் கேக்கும், பொண்ணோட மாமன் எங்கீங்கன்னு. ஜெகதீசன் என்ன பதில் சொல்லுவான்? அந்த மூஞ்சியப் பாக்க முடியாதேங்கறதுதான் எனக்கு இருக்கற ஒரே கொறை.

பத்திரிகை வெக்க வந்தாங்க, புருசனும் பொண்டாட்டியுமா, வெத்தல பாக்குத் தட்டோட. கேட்டப் பூட்டிட்டேன். அவன் கம்பிக்கு வெளிய நின்னு என்னமோ சொல்ல ஆரம்பிச்சான். நான் போய்த் தீவனம் அரைக்கற மிசின ஓட உட்டேன். அந்தச் சத்தத்துல வாய் மட்டும் அசையுது. ரொம்ப நேரம் அசைஞ்சுது. கையக் கைய ஆட்டி, தண்ணி புடிக்கற மாதிரி, பீச்சற மாதிரி, என்னென்னமோ காட்டுனான். எங்கப்பன் குடிச்சத நடிச்சுக் காட்டறான்னு நெனைச்சேன். மிசின நிறுத்தவே இல்லை. கலாமணி தட்டக் கீழ வெச்சுட்டு அழுதா. பாத்துட்டுத்தான் நின்னேன். பையன் அப்பறம் வந்து, “அப்பா, மாமா கேட்டது வேற”ன்னு ஆரம்பிச்சான். மாமன் பேர எடுத்தா இந்த ஊட்ல சோறு இல்லைன்னேன். அவனும் உட்டுட்டான்.

அந்தக் கல்யாணந்தான் இன்னைக்கு. உடுமலைல. பத்தரை வரைக்கும் முகூர்த்தம். சம்சாரமும் பையனும் நேத்தே போயிட்டாங்க, நான் சொல்லச் சொல்லக் கேக்காம. போகட்டும். தாலி கட்டற நேரத்துல, அவன் வித்த வண்டிய நான் ஊர் பேர் தெரியாத ஒருத்தருக்குத் தூக்கிக் குடுக்கோணும். அந்த நேரத்துக்கே சரியா உங்கள வரச் சொன்னது அதுக்குத்தான்.

ரெண்டு மாசமா இத நான் தொடவே இல்லைங்க. கழுவக்கூட இல்லை. பேட்டரிக்கு மட்டும் பையன் சார்ஜ் போட்டு வெச்சிருக்கான். இதப் போயி எதுக்குக் கழுவறதுன்னு உட்டுட்டேன். சாவி இந்தாங்க. எடுக்காது. எடுத்தாலும் உதறும். நீங்களே பாருங்க.

என்னது?

இருங்க, நிறுத்திட்டு மறுபடி போடுங்க.

எடுக்குதே. உதறவே இல்லையே. அந்த மஞ்ச லைட்டு? எரியலையா? மிதிங்க, நல்லா மிதிங்க. ரெண்டு மாசம் கெடந்த வண்டி, இன்னைக்கு மட்டும் எப்படி இப்படி ஓடுது? பாத்தீங்களா தம்பி, இன்னைக்குப் பாத்து. என்னையக் குடிகாரன்னு சொல்றதுக்கு ஒரு நாளு, என்னையப் பொய்யன்னு காட்டறதுக்கு ஒரு நாளு. பழைய உதறல் எல்லாம் வண்டியில பதிஞ்சிருக்கறத அந்த மிசின் காட்டுதுங்களா? நல்லது, நான் பொய் சொல்லலைன்னு அதாச்சும் சொல்லுதே. பானட்டா? தொறங்க. அந்தக் கருப்பு மூடிய எதுக்குக் கழட்டறீங்க? கழட்டுங்க, கழட்டுங்க, உங்க வண்டிதான் இனி.

என்ன கேட்டீங்க?

இல்லை, இப்ப என்ன கேட்டீங்க? திருப்பிச் சொல்லுங்க.

நீங்களுமா தம்பி? உங்களுக்கும் எனக்கும் என்ன பகை? ஊட்டுக்கு வந்த ஆளு, வந்து ஒரு காப்பி கூடக் குடிக்கல, என்னையப் பாத்துத் தண்ணி அடிச்சீங்களான்னு...

எங்க? இங்கயா? பிளக்கு நிக்கற இந்தக் குழிக்குள்ளயா?

வெள்ளையாப் பூத்திருக்குது. துருவும் இருக்குது. ஆமா. ஆமா, பம்பு வெச்சுத்தான் அடிச்சேன். டீசலும்தான். அடிச்ச தண்ணி உள்ள எறங்கி நிக்குமா? நாலு நாளு சூட்டுல காஞ்சாச் சரியாப் போயிருமா? அப்ப, கழுவுனா உதறும். கழுவாட்டி ஓடும்.

கெடா வெட்டுக்குக் கழுவுனேன். வங்கிக்காரருக்குக் கழுவுனேன். நிச்சயத்துக்கு ரெண்டு தடவ.

சரி தம்பி, அப்படியே இருக்கட்டும். தண்ணிதான்னா தண்ணியாவே இருக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஊத்துனீங்களான்னு கேட்டிருக்கலாமுல்ல? கழுவுனீங்களான்னு கேட்டிருக்கலாமுல்ல? அவ்வளவு படிச்சவனுக்கு, மில்லையே கட்டி ஆள்றவனுக்கு, வேற ஒரு வார்த்தை கெடைக்கலையா? இதே வார்த்தையத்தான் எடுக்கோணுமா, எம் மூஞ்சிக்கு நேரா? அத நான் மன்னிக்கறதா இல்லை. அதச் சொல்லிப்போட்டேன்.

மறுபடி போனு. இருங்க. இந்தத் தடவ எடுக்கறேன். எடுத்து, இனிமே அடிக்காதேன்னு சொல்லிப்போடறேன்.

...

வெச்சுட்டா. நாலு வார்த்தைதான் பேசுனா. “அண்ணா, உன் எடத்துல ஒருத்தரையும் நிக்க வெக்க மாட்டேன். பெரியப்பா பையன் நிக்கறேங்கறான், உம் பையனே நிக்கறேங்கறான், வேண்டாம்னுட்டேன். நீ வரலைன்னா வெறும் நெத்தியோட தாலி ஏறட்டும்.” அவ்வளவுதான். அழக்கூட இல்லை. அவ அழுகாமப் பேசி நான் கேட்டதே இல்லைங்க.

இதத்தான் நான் கேட்டேன். இந்த ரெண்டு மாசமா ராத்திரியும் பகலும் இத நெனைச்சுத்தான் சோறு எறங்குச்சு. வெறும் நெத்தியோட மணவறைல உக்காரோணும், சனம் பாக்கோணும், ஜெகதீசன் தல குனியோணும். நெனைச்ச மாதிரியே நடக்கப் போகுது.

ஆனா நெத்தி அவனுது இல்லைங்களே தம்பி. தாரணியோடதுங்களே.

மணி என்ன ஆச்சு? ஒம்பதரை ஆகலையே? இந்த வண்டி மிதிச்சா எத்தனை போகும்? உங்களுக்குத் தெரியும், நீங்கதான் எல்லாம் படிச்சுட்டு வந்திருக்கறீங்க. கோழி இன்னும் எறங்கல, அதத் தொரத்துங்க. இல்ல, நான் தொரத்தறேன். நீங்க உக்காருங்க, நீங்களே ஓட்டுங்க. வண்டி உங்களுக்குத்தான், பேச்சு மாறமாட்டேன், என்னைய உடுமலைல எறக்கி உட்டுட்டு அப்படியே எடுத்துட்டுப் போங்க. சட்டைய மாத்திக்கறேன், ஒரே நிமிசம். கதவப் பூட்டோணுமா? கெடக்கட்டும்.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன், அப்பறம் நீங்களும் அவங்ககூடச் சேந்துட்டு என்னையத் தடுக்கக் கூடாது. அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பட்டத்தக் கட்டுவேன், பொண்ணு தலையில அட்சதை போடுவேன், எறங்கி வந்துருவேன். அவன் பந்தியில கை நனைக்க மாட்டேன். நீங்க வேணா உக்காந்து சாப்புடுங்க தம்பி, உங்களுக்கு அவன்கூட ஒரு பகையும் இல்லையே.